வெளிச்சத்தைக் கண்டவரிடம் முதலில் கேட்பது நேரம்

கல்முனைப் பக்கம் பாண்டிருப்பில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போன கிழமை இரவு எட்டு மணி போல, கடலுக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் மூன்று வெளிச்சம் வரிசையாக அசையாமல் நின்றதாம். கால் மணித்தியாலம் பார்த்திருக்கிறார். பிறகு ஒன்று அணைந்து, மற்ற இரண்டும் மங்கிப் போய்விட்டன. "மட்டக்களப்பில் பறக்கும் தட்டு ஆராயும் குழு ஒன்று இருக்கிறதாமே, அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்களா?" என்பது கேள்வி.

சிரிக்க மாட்டோம். அந்தக் குழுவில் நானும் ஒருவன்.

குழு என்றதும் கட்டிடம், பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். மொத்தம் எட்டுப் பேர். ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், போன் திருத்துகிற ஒரு பெடியன், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் பௌதிகவியல் படிக்கிற ஒரு தங்கச்சி, ஒலுவிலில் இருந்து ஒரு மீன்பிடிக்கார காக்கா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), இப்படி. அமாவாசையை ஒட்டி வருகிற சனிக்கிழமை நாவலடிக் கடற்கரையில் பாய் விரித்து வானம் பார்ப்போம். கையில் இருப்பது ஒரு சின்னத் தொலைநோக்கி, இரண்டு பைனாகுலர், ஒரு திசைகாட்டி. அதோடு பள்ளிக்கூடக் கோணமானியில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டுச் செய்த உயரமானி. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் உழைக்கிற சாமான்.

பறக்கும் தட்டு என்ற பேச்சு எப்படி வந்தது தெரியுமா? 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் கென்னத் ஆர்னல்ட் என்ற விமானி, ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருட்கள் வேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீரில் தட்டை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்று அவர் சொன்னது அவற்றின் ஓட்டத்தை. வாவியில் ஓட்டுத்துண்டு எறிந்து விளையாடின எங்களுக்கு அது உடனே விளங்கும். பத்திரிகைக்காரர் அதை உருவமாக்கித் தட்டு என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் உலகமெல்லாம் தட்டுகளைக் கண்டது! ஒரு சொல் முன்கூட்டியே காதில் விழுந்துவிட்டால் கண் அதையே தேடும். அதனால் யாராவது எங்களிடம் வந்தால் "தட்டு மாதிரி இருந்ததா?" என்று வாய் தவறியும் கேட்பதில்லை.

முதலில் கேட்பது நேரம். அதுவும் "எத்தனை மணி?" என்று கேட்டால் "எட்டு, எட்டரை இருக்கும்" என்பார்கள். அது போதாது. அந்த வெளிச்சத்தைக் கண்டதும் யாருக்காவது போன் எடுத்தீர்களா என்று கேட்போம். அநேகமாக எடுத்திருப்பார்கள், அதிசயத்தைத் தனியாகப் பார்க்க யாருக்கும் மனம் வராது. போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்தால் நிமிடம் வரை நிற்கும். நான் கண்டதில் இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

இரண்டாவது, திசையும் உயரமும். "எவ்வளவு பெரிது?" என்ற கேள்விக்கு "சோற்றுச் சட்டி அளவு" என்று பதில் வரும். தூரம் தெரியாமல் சட்டி அளவுக்கு அர்த்தமே இல்லை. எனவே அவரைக் கண்ட இடத்துக்கே கூட்டிப் போய், நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லி, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்வோம். நீட்டிய கையில் பொத்திய முட்டி ஏறக்குறைய 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. முழுநிலவே அரைப் பாகைதான், சுண்டுவிரல் நுனிக்குள் மறைந்துவிடும். இதைச் செய்து காட்டினால் நம்பாமல் அடுத்த பௌர்ணமிக்கு வீட்டு முற்றத்தில் நின்று விரலால் நிலவை மறைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அடிவானத்தில் இருந்து எத்தனை முட்டி, எந்தத் தென்னைக்கு நேரே, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று எழுதி, அந்த நிமிடத்து வானத்தை ஸ்டெல்லாரியம் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் பாதிப் பேர் கண்டது வெள்ளிக் கிரகமாக இருக்கும். எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்கே கடலோரத்து ஆட்களுக்கு மாலை வெள்ளி வாவிக்கு அப்பால் மேற்கே படுவான்கரைப் பக்கம் இறங்கும், விடிவெள்ளி கடலுக்கு மேலே ஏறும். இரண்டு இடத்திலும் அது அடிவானத்தோடு ஒட்டி நிற்கும்போது, கனத்த காற்றுக்குள்ளால் வருகிற ஒளி சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும். இருட்டில் தனியாக நிற்கிற ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் அது அசைவது போலவும் தோன்றும், அது கண்ணின் வேலை. ஒரு கம்பத்தின் விளிம்போடு சேர்த்துப் பார்த்தால் அசைவு நின்றுவிடும்.

சாட்டிலைட் விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, ஆட்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சாட்டிலைட்டுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய ஒளி பட்டுத்தான் மினுங்கும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் போகிறது. அந்த உயரத்தில் எங்கள் தலைக்கு நேரே வருகிற ஒன்றின் மேல், சூரியன் மறைந்து ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம் வரைதான் வெயில் விழும். இணையத்துக்காக விட்ட ஸ்டார்லிங்க் சாட்டிலைட் 550 கிலோமீற்றர் என்றால் ஒன்றரை மணித்தியாலம். விடியலிலும் அதே கணக்குத்தான். ஆகவே இரவு 12 மணிக்கு உச்சியில் ஒன்று நகர்ந்தது என்று யாராவது சொல்ல, பக்கத்தில் நிற்கிற கெட்டிக்காரன் "அது ஸ்டார்லிங்க்" என்றால், அந்தக் கெட்டிக்காரனை நம்பாதீர்கள். நடு இரவில் எங்கள் வானத்தில் தாழ்வான சாட்டிலைட் எதுவும் தெரியாது. விளக்கம் சொல்கிற அவசரமும் ஒரு வகை மூடநம்பிக்கைதான்.

இனி எங்கள் கரைக்கே உரிய சங்கதிக்கு வருகிறேன். ஒரு விடியலில் கரைவலை வளைக்கப் போனவர்கள் வடக்கே ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டார்கள். அது மேலேறி வர, அதைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாக ஒரு விசிறி விரிந்தது. மயில் தோகை மாதிரி என்றார் ஒருவர், கடல் சொறி, அதுதான் ஜெலிமீன், மாதிரி என்றார் இன்னொருவர். சத்தமே இல்லை. சில நிமிடங்களில் கிழக்கே கடந்து தென்கிழக்கில் தேய்ந்து போனது. ஒரு மணித்தியாலத்துக்குள் என் போனில் குரல் பதிவுகள் வந்து குவிந்துவிட்டன.

அன்று அதிகாலை இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஒரு ரொக்கெட் ஏவியிருந்தார்கள். மட்டக்களப்பில் இருந்து அது நேர்கோட்டில் ஏறக்குறைய 700 கிலோமீற்றர் தூரம். அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவு மறைக்கும். ரொக்கெட் 40 கிலோமீற்றர் அளவுக்கு உயர்ந்த பிறகுதான் எங்கள் அடிவானத்துக்கு மேலே தலை காட்டும், அதற்கு இரண்டு நிமிடம் போல ஆகும். கரைவலைக்காரர் ஒருவர் அதைக் கண்டதும் மனைவிக்குப் போன் எடுத்திருந்தார். ஏவிய நேரத்தோடு அந்த இரண்டு நிமிடத்தைக் கூட்டினோம், அவருடைய அழைப்புப் பட்டியலில் இருந்த நிமிடத்துக்கே வந்து நின்றது. விசிறி விரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெல்லியது, புகையை அமுக்கிப் பிடிக்க ஒன்றுமில்லாததால் அது கிலோமீற்றர் கணக்கில் பரவும். எங்களுக்கு இன்னும் இருட்டு, புகைக்கோ வெயில் பட்டுவிட்டது. 2022 பெப்ரவரி 14 அன்று இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. சி-52 ரொக்கெட் காலை 5.59 இக்கு ஏவப்பட்டது. இப்படிச் சூரியன் வருவதற்குச் சற்று முந்திய ஏவல்தான் இந்தக் காட்சிக்குத் தோதானது. மத்தியானத்தில் ஏவினால் ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, ஏன் எங்கள் கடலால் போகிறது என்பது. துருவங்களுக்கு மேலால் சுற்ற வேண்டிய சாட்டிலைட்டுகளுக்கு ரொக்கெட் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேரே தெற்கே விட்டால் எங்கள் தலைக்கு மேலால் போகும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், கடலுக்கு மேலே வளைந்து, பிறகு தெற்கே திரும்புகிறது. இலங்கையைச் சுற்றிப் போவதற்காகவே எரிபொருளைச் செலவழிக்கிறார்கள், அதனால் சுமக்கிற பாரம் குறைகிறது. அந்த நட்டத்தைத் தவிர்க்கத்தான் தமிழ்நாட்டில் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ரொக்கெட்டுகளுக்கு இன்னொரு தளம் கட்ட 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து ஏவத் தொடங்கினால் விசிறி மேற்கே விரியும், அன்றைக்கு வாவிக்கரை ஆட்கள் எங்களைத் தேடி வருவார்கள். ஒடிசாக் கரையில் இருந்து விடுகிற ஏவுகணைகளும் இந்தக் கணக்கில் சேரும். 2022 டிசம்பர் 15 மாலை அக்னி-5 பரீட்சித்தபோது வங்காளத்தில் ஊரே வானத்தைப் பார்த்து வாய் பிளந்தது. இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எச்சரிக்கை அறிவித்தல் வரும். கம்பஸ் தங்கச்சி அதைப் பார்த்து ஒரு கலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள்.

நாங்கள் பிழை விட்ட கதையையும் சொல்ல வேண்டும். படுவான்கரையில் ஒரு வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், யானைக் காவலுக்குப் பரணில் படுப்பவர்கள், காட்டோரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிகிறது, சில இரவு வரும், சில இரவு வராது என்றார்கள். வேளாண்மைக் காலம். வயதானவர்கள் அதற்குக் கொள்ளிவாய்ப் பேய் என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு இரவு போய் ஒன்றும் காணாமல், மற்றப் பக்கத்துக் காவல்காரர் பிடிக்கிற ரோச் லைட்டாக இருக்கும் என்று எழுதி மூடிவிட்டோம். அறுவடை முடிந்த பிறகு பரண்காரர் ஒருவரே கண்டுபிடித்துச் சொன்னார். தூரத்தில் புதிதாக எழும்பின போன் கோபுரத்தின் உச்சிச் சிவப்பு லைட். நடுவே நின்ற தென்னைகளின் ஓலை காற்றில் விலகும்போது தெரியும், சேரும்போது மறையும். காற்றில்லாத இரவில் தெரியவே தெரியாது. நாங்கள் போன இரண்டு இரவும் காற்றில்லை. "பகலில் வந்து பார்த்திருந்தா கோபுரம் தெரிஞ்சிருக்குமே மனே" என்றார் அவர். அன்றில் இருந்து முதல் விஜயம் பகலில்தான்.

பகலில் போவதற்கு வேறு காரணமும் உண்டு, அது இதைவிடப் பாரமானது. இந்த ஊரில் இரவில் ஒரு வீட்டுக்குப் போய்க் கொப்பியை விரித்து "எத்தனை மணிக்குக் கண்டீங்க, எங்க நின்றீங்க, கூட யார் இருந்தது?" என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை. இதே கேள்விகளை வேறு ஆட்கள் வேறு காரணத்துக்காகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, வெளிச்சம் கண்டதாக அவருடைய பேரன் சொல்லித்தான் போனோம். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்தக் கந்தோர்?" இரண்டு தரம் போயும் தேத்தண்ணி தந்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தரம் அவருடைய தங்கச்சியின் மகளைக் கூட்டிப் போனபோதுதான் வாய் திறந்தார். அது பரா லைட் மாதிரித் தொங்கினதாம். யுத்த காலத்தில் பரசூட்டில் கட்டி விடுகிற வெளிச்சக் குண்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். கண்ட உடனே பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தரையில் படுக்க வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வெளியே பார்க்கவே இல்லை. ஆக அவர் கண்டது ஒரு சில விநாடி. மிச்சம் எல்லாம் முப்பது வருசத்துக்கு முந்திய வேறொரு இரவு. அது யாரோ பறக்க விட்ட வான விளக்கா, வேறெதுவுமா என்று தீர்க்க அந்தச் சில விநாடி போதவில்லை. அவரை மேலும் துருவவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதப் பீதி கிழக்கெங்கும் பரவினதை நாற்பது வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொத்துவிலில் இருந்து மட்டக்களப்பு வரை ஊருக்கு ஊர் பொல்லுகளோடு காவல் நின்றார்கள். அந்நியன் ஒருவன் இருட்டில் ரோச் லைட்டோடு திரிந்தால் என்ன நடக்கும் என்று அப்போது கண்டோம். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் கிராம சேவகருக்குச் சொல்லிவிட்டுத்தான் போவோம். போகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், கேட்காமல் கொப்பியைத் திறக்கக் கூடாது. கரையோரத்தில் இன்னொன்றும் உண்டு. வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லி முடிந்ததும் குரலைத் தாழ்த்தி "கடல் வருமா?" என்று கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் நின்றவர்களிடம் அதைக் கேலியாக எடுக்க முடியாது. வானத்து வெளிச்சத்துக்கும் சுனாமிக்கும் தொடர்பில்லை, சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இக்கு எடுங்கள் என்று சொல்லி, அந்த இலக்கத்தைப் போனில் பதிந்து கொடுத்துவிட்டு வருவோம்.

தீராத கேஸ் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்கு பிரான்சின் விண்வெளி நிறுவனம் 1977 இல் தொடங்கிய பிரிவின் முறையைப் பின்பற்றுகிறோம். ஏ என்றால் இன்னது என்று உறுதி, பி என்றால் அநேகமாக இன்னது, சி என்றால் தகவல் போதாது, டி என்றால் தகவல் நல்லதாக இருந்தும் விளங்கவில்லை. ஆட்கள் சி-யையும் டி-யையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் வேற்றுக்கிரகவாசி வரை போகிறார்கள். பறக்கும் தட்டு முறைப்பாடுகளை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969 இல் மூடப்பட்டபோது 12,618 முறைப்பாடுகளில் 701 விளங்காதவை என்று நின்றன. அந்த 701 இன் பெயரால் எத்தனை கதை! நாசா அமைத்த குழு 2023 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட அறிக்கையும், வேற்றுக்கிரகத்துக்கு ஆதாரமில்லை, முதலில் தரமான தரவு வேண்டும் என்றுதான் சொன்னது. எங்கள் கொப்பியில் சி நிறைய இருக்கிறது. டி இன்னும் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவின் கேஸும் சி-யில்தான்.

கல் விழுந்தது என்று யாராவது சொன்னால் மட்டும் ஓட்டமாக ஓடுவோம். 2012 டிசம்பர் 29 அன்று பொலன்னறுவைப் பக்கம் அரலகங்விலவில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களுக்குள் வேற்றுலக நுண்ணுயிரின் எச்சம் இருப்பதாகப் பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்க அறிவித்தார். அவை நம்மூர்த் தண்ணீரில் வாழ்கிற பாசிகள், கல்லே விண்கல் இல்லை என்று மற்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். வயலில் கிடந்து ஆட்கள் கையால் பொறுக்கின கல்லை வைத்து அந்த வழக்கை எப்படித் தீர்ப்பது? கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். காந்தத்தை வைத்துப் பார்க்கவே கூடாது, கல்லுக்குள் இருக்கிற பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும்.

இனி தம்பியின் மூன்று வெளிச்சம். காக்காவிடம் சொன்னேன். கேட்ட உடனே அவர் திருப்பிக் கேட்டது, "அண்டைக்கு நிலவா, இருட்டா?" கணவாய்க்கும் சின்ன மீனுக்கும் லைட் போடுகிறவர்கள் இருட்டுக் கிழமையில்தான் போடுவார்கள், நிலவு காலத்தில் மீன் வெளிச்சத்துக்கு வந்து சேராது. போன கிழமை அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி. கரையில் நிற்கிற ஒருவருக்குக் கடலின் விளிம்பு ஐந்து கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் எட்டு மீற்றர் உயரத்தில் தொங்குகிற விளக்கு 15 கிலோமீற்றர் வரை தெரியும். படகு விளிம்புக்குக் கீழே போய்விடும், விளக்கு மட்டும் மேலே நிற்கும். கடலுக்கும் வானத்துக்கும் கோடு தெரியாத இருட்டில் அது ஆகாயத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். வலையை இழுக்கும்போது ஒன்றை அணைப்பார்கள் என்றும் காக்கா சொன்னார்.

இது பி-தான், ஏ இல்லை. வெளிச்சம் அடிவானத்தில் இருந்து ஒரு விரலுக்கு மேலே நின்றிருந்தால் படகுக் கதை விழுந்துவிடும். ஆகவே தம்பி, நாளைக்குப் பகலில் அதே இடத்தில் போய் நின்று, கையை நீட்டி, கடல் விளிம்பில் இருந்து எத்தனை விரல் உயரம் என்று பாருங்கள். நினைவு பிந்தினால் உயரம் வளரும், அதனால் நாளைக்கே. வீடியோ எடுத்திருந்தால் அதை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் எடுத்த நேரமும் தெளிவும் போய்விடும். அதில் பச்சையாக ஒரு வட்டம் மிதந்தால் பயப்பட வேண்டாம், அது படத்துக்குள் நிற்கிற பிரகாசமான லைட் லென்சுக்குள் பட்டுத் தெறிக்கிறது. கூட யாராவது நின்றிருந்தால் அவரிடமும் தனியாகக் கேட்டு எழுதி வையுங்கள். நீங்கள் எழுதியதை அவருக்குக் காட்ட வேண்டாம். வருகிற சனிக்கிழமை காக்காவும் கம்பஸ் தங்கச்சியும் நானும் பகலிலேயே பாண்டிருப்புக்கு வருகிறோம், மழை இல்லாவிட்டால் இரவு ஏழு மணிக்கே கரையில் இருப்போம்.